சுவாச வைரஸ்கள் தம் மரபணுப் பொருளை வெளிவிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘உருமாறிய வைரஸ்’ என்று செய்திகளில் வருவதும், வைரஸின் வடிவமாற்றம் என்று அறிவியலில் சொல்லப்படுவதும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. ‘உருமாறிய கொரோனா’ என்று செய்தித்தாள்கள் எழுதியது திரிபைப் பற்றி. வைரஸ் பெருகும்போது அதன் மரபணு எழுத்துகளில் நேரும் பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து ஒரு புதிய வகை தோன்றுவதே திரிபு. இங்கே நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு வைரஸ் துகளின் கதை. அது ஒரு செல்லுக்குள் நுழையும் குறுகிய நேரத்தில், தன் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமலே, தன் புரதங்களின் அமைப்பை அடியோடு மாற்றிக்கொள்கிறது. குழப்பம் வராமல் இருக்க, கீழே ‘வடிவமாற்றம்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம்.

வைரஸ் ஏன் வடிவம் மாற வேண்டும்? இருந்தபடியே செல்லுக்குள் போனால் என்ன?

ஒரு வைரஸ் துகளுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் உண்டு. ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து வெளியேறி இன்னொருவரின் மூக்கை அடையும்வரை, காற்றின் வறட்சி, வெப்பம், சளியில் உள்ள நொதிகள் ஆகிய எதுவும் தொட முடியாதபடி தன் ஆர்.என்.ஏ.வையோ டி.என்.ஏ.வையோ அது பொதிந்து காக்க வேண்டும். செல்லுக்குள் சென்ற பிறகோ, அதே பொதியை அவிழ்த்துக் கொட்டியாக வேண்டும். ஏனெனில் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் மரபணுவைச் செல்லின் இயந்திரங்களால் படிக்க முடியாது. வெளியே கல்லாகவும் உள்ளே மெழுகாகவும் இருக்க வேண்டிய இந்தக் கட்டாயத்துக்கு வைரஸ்கள் கண்ட தீர்வே வடிவமாற்றம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மாற்றம் பெரும்பாலும் ஒருவழிப் பாதை என்பது. ஒருமுறை விரிந்த புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே, எங்கே, எப்போது விரிய வேண்டும் என்பது வைரஸுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. காலம் தவறி விரிந்த துகள் செத்த துகளுக்குச் சமம். சுவாச வைரஸ்களுக்கு எதிரான மருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் நடந்துள்ள பல முக்கியமான வேலைகள் இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

வைரஸுக்கு உயிர்ச்செயல் எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இவ்வளவு பெரிய அசைவுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

உயிருள்ள செல்கள் ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றை எரித்து ஆற்றல் பெறுகின்றன. வைரஸ் துகளிடம் அப்படி ஒரு எரிபொருள் கிடையாது. அதன் ஆற்றல், அது உருவாகும்போதே புரதங்களின் மடிப்பில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. நாணேற்றி இழுத்துப் பிடித்த வில்லை எண்ணிக்கொள்ளலாம். வில் அசையாமல் இருப்பதுபோல் தோன்றினாலும், அதன் வளைவுக்குள் விசை காத்திருக்கிறது. விரலை எடுத்தால் போதும், புதிதாகத் தள்ள வேண்டியதில்லை.

இது வெறும் உவமை இல்லை என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸின் மேற்புரதமான ஹீமக்ளூட்டினின் இயல்பாக அமிலம் பட்டால்தான் விரியும். ஆனால் 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமிலமே இல்லாமல் 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கியபோதும், யூரியா சேர்த்தபோதும் அதே புரதம் அதே வடிவத்துக்கு விரிந்தது. எந்த வழியில் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டாலும் கதவு ஒரே பக்கமாகத்தான் திறக்கிறது என்றால், சாய்வு ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதை வைரஸ் எப்படி அறிகிறது?

அறிவதற்கு அதற்கு மூளை இல்லை. செல்லில் மட்டுமே கிடைக்கும் சில குறிப்புகளுக்கு அதன் புரதங்கள் வேதியியல் முறையில் எதிர்வினை செய்கின்றன, அவ்வளவுதான். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி மூலக்கூறு ஒரு குறிப்பு. செல் வெளிப்பொருள்களை விழுங்கும்போது உருவாகும் எண்டோசோம் என்ற பையின் அமிலத்தன்மை இன்னொன்று. புரதத்தை வெட்டும் நொதிகளும், செல்லின் பரப்பு அசையும்போது ஏற்படும் இழுவிசையும்கூடக் குறிப்புகளாகின்றன. பல வைரஸ்கள் ஒரு குறிப்பை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை வரிசையாக எதிர்பார்க்கின்றன. இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகம் போல, தவறான இடத்தில் திறந்துவிடாமல் இருக்க இது ஒரு காப்பு.

எண்டோசோமைப் பற்றி ஒரு வார்த்தை. அமிலத்தன்மையின் அளவான பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) செல்லுக்கு வெளியே ஏறத்தாழ 7.4. விழுங்கிய பை உள்ளே நகர நகர அது 6 என்றும், பின்பு 5.5 என்றும், 5 என்றும் இறங்கிக்கொண்டே போகும். விழுங்கியதைச் செரிப்பதற்காகச் செல் செய்துகொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டையே, எவ்வளவு ஆழத்துக்கு வந்திருக்கிறோம் என்று காட்டும் அளவுகோலாக வைரஸ்கள் பயன்படுத்திக்கொள்கின்றன.

இன்ஃபுளுவென்சா வைரஸில் இந்த மாற்றம் எப்படி நடக்கிறது?

இந்தத் துறையின் பாடநூல் எடுத்துக்காட்டே இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இன்ஃபுளுவென்சா துகள் சுமார் 100 நானோமீட்டர் விட்டமுள்ளது. செல்லிடமிருந்து திருடிய ஒரு கொழுப்புறை அதைச் சுற்றியிருக்கும். அந்த உறையில் நூற்றுக்கணக்கான ஹீமக்ளூட்டினின் புரதங்கள் முட்களைப் போல் நிற்கும். ஒவ்வொரு முள்ளும் மூன்று ஒத்த பகுதிகள் சேர்ந்தது. செல்லில் உருவாகும்போது ஒவ்வொரு பகுதியும் ஒரே நீண்ட சங்கிலியாக இருக்கும். சுவாசப் பாதையில் உள்ள நொதிகள் அதை ஓரிடத்தில் வெட்டி இரண்டாக்கும். வில்லில் நாண் ஏறுவது இந்த வெட்டில்தான். வெட்டப்படாத புரதம் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒருபோதும் விரியாது. சில கொடிய பறவைக் காய்ச்சல் வகைகள் நுரையீரலைத் தாண்டி உடலெங்கும் பரவுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அவற்றின் வெட்டுமிடம் எல்லாத் திசுக்களிலும் உள்ள ஃபூரின் போன்ற நொதிகளாலும் வெட்டப்படக்கூடியதாக இருப்பதுதான்.

வெட்டினால் விடுபட்ட முனைக்கு ‘இணைவுப் பெப்டைடு’ என்று பெயர். நீரை வெறுக்கும் இந்தத் துண்டு புரதத்தின் அடிப்பகுதிக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். வைரஸ் செல்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டு எண்டோசோமுக்குள் இழுக்கப்பட்டு, பி.எச். 5.5க்குப் பக்கத்தில் இறங்கியதும், முள்ளின் தலைப்பகுதிகள் விலகுகின்றன. உள்ளே வளையமாகத் தொய்ந்து கிடந்த ஒரு பகுதி சட்டென்று விறைத்து நீண்ட சுருளாகிறது. அந்த உந்தலில் இணைவுப் பெப்டைடு ஏறத்தாழ 10 நானோமீட்டர் தூரம் தூக்கி எறியப்பட்டு எண்டோசோமின் சவ்வில் ஈட்டி போலச் செருகிக்கொள்கிறது. 10 நானோமீட்டர் என்பது சிறிய தூரமாகத் தோன்றலாம். அந்த முள்ளின் மொத்த உயரமே சுமார் 13.5 நானோமீட்டர்தான் என்பதை நினைத்தால் பாய்ச்சலின் அளவு புரியும்.

இப்போது புரதத்தின் ஒரு முனை செல்லின் சவ்விலும் மறுமுனை வைரஸின் கொழுப்புறையிலும் ஊன்றியிருக்கிறது. அடுத்து, புரதம் நடுவில் மடங்கி, கொண்டை ஊசியைப் போல் இரு முனைகளையும் ஒரே பக்கம் கொண்டுவருகிறது. இரண்டு சவ்வுகளும் நெருக்கப்பட்டு, முதலில் வெளி அடுக்குகளும், பிறகு உள் அடுக்குகளும் கலந்து ஒரு துளை திறக்கிறது. ஒரு முள் தனியாக இதைச் செய்துவிட முடியாது. அருகருகே உள்ள மூன்று, நான்கு முட்கள் சேர்ந்து இழுத்தாக வேண்டும்.

இந்தப் படம் ஒரே நாளில் கிடைத்ததில்லை. விரியாத வடிவத்தின் அணுவமைப்பை வில்சன், ஸ்கீல், வைலி ஆகியோர் 1981இல் வெளியிட்டார்கள். சுருள்வில் போன்ற இயக்கம் இருக்க வேண்டும் என்று கார், கிம் இருவரும் 1993இல் முன்மொழிந்தார்கள். அடுத்த ஆண்டே விரிந்த வடிவம் படிகத்தில் பார்க்கப்பட்டது, கணிப்பும் பெரும்பாலும் சரியாக இருந்தது. ஒரே புரதத்துக்கு இவ்வளவு வேறுபட்ட இரண்டு வடிவங்கள் இருக்க முடியும் என்பது அன்று பலரை வியக்கவைத்த செய்தி.

சவ்வுகள் இணைந்ததும் மரபணு வெளியே வந்துவிடுமா?

இன்ஃபுளுவென்சாவில் அது போதாது. அதன் மரபணு எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.வாக, புரதங்கள் சுற்றிய எட்டு மூட்டைகளாக இருக்கிறது. கொழுப்புறைக்கு உள்பக்கம் எம்1 என்ற புரதம் ஓர் அடுக்காகப் படிந்து இந்த மூட்டைகளைப் பிடித்துவைத்திருக்கிறது. துளை திறந்தாலும் எம்1 விடாமல் பிடித்திருந்தால் மூட்டைகள் வெளியேற முடியாது.

இதற்காக வைரஸ் தன் உறையிலேயே ஒரு சிறு வாய்க்காலை வைத்திருக்கிறது. எம்2 என்ற அந்தப் புரதத்தின் நான்கு பிரதிகள் சேர்ந்து ஒரு குழாயாகி, எண்டோசோமின் அமிலத்தைத் துகளுக்குள் கசியவிடுகின்றன. உள்ளே அமிலம் ஏறியதும் எம்1இன் பிடி தளர்கிறது. முட்கள் வெளியிலிருந்து கதவைத் திறக்கும் அதே நேரத்தில், உள்ளே மூட்டையின் கட்டும் அவிழ்க்கப்படுகிறது.

இதிலும் செல்லின் கையொன்று இருக்கிறது என்று 2014இல் தெரியவந்தது. சேதமடைந்த புரதக் குப்பையை அப்புறப்படுத்தும் செல்லின் ஏற்பாட்டை, அதில் எச்.டி.ஏ.சி.6 என்ற நொதியை, இன்ஃபுளுவென்சா ஏமாற்றி அழைக்கிறது. செல் வைரஸின் உட்கூட்டைக் குப்பை என்று எண்ணி இழுத்துப் பிய்க்கிறது. பிய்ந்து விழுந்த ஆர்.என்.ஏ. மூட்டைகள் செல்லின் உட்கருவை நோக்கிச் செல்கின்றன. வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவரைக் கொண்டே திருடன் பெட்டியை உடைக்க வைத்தது போன்ற வேலை இது.

ஜலதோஷத்துக்குக் காரணமான ரைனோவைரஸுக்குக் கொழுப்புறையே இல்லையே. அது என்ன செய்கிறது?

ரைனோவைரஸின் வழி முற்றிலும் வேறு. இணைப்பதற்கு அதனிடம் சவ்வு இல்லை. 30 நானோமீட்டர் விட்டமுள்ள, இருபது முகங்கள் கொண்ட ஒரு புரதக்கூடு மட்டுமே இருக்கிறது. விபி1, விபி2, விபி3, விபி4 என்ற நான்கு புரதங்களில் ஒவ்வொன்றும் அறுபது பிரதிகள் சேர்ந்து இந்தக் கூடு கட்டப்பட்டிருக்கிறது. முதல் மூன்றும் வெளிச்சுவர். விபி4 மட்டும் உள்ளே மறைந்திருக்கிறது. இதன் அணுவமைப்பை 1985இல் மைக்கேல் ராஸ்மனின் குழு வெளியிட்டபோது, கூட்டின் மேற்பரப்பில் ஆழமான பள்ளத்தாக்குகள் தென்பட்டன. ரைனோவைரஸ் வகைகளில் பெரும்பாலானவை பற்றும் ஐகேம்-1 என்ற ஏற்பி வந்து பொருந்துவது இந்தப் பள்ளத்தாக்கில்தான் என்று பின்னர் உறுதியானது.

பள்ளத்தாக்கின் அடியில், விபி1க்குள், எண்ணெய்ப்பசையான ஒரு சிறு பொந்து உண்டு. பல வகைகளில் இந்தப் பொந்தில் கொழுப்பு அமிலம் போன்ற ஒரு மூலக்கூறு ஆப்பு அடித்ததுபோல் செருகியிருக்கும். கூட்டை இறுக்கமாக வைத்திருப்பது இந்த ஆப்புதான். ஏற்பி பள்ளத்தாக்கை அழுத்தும்போது ஆப்பு கழன்றுவிடுகிறது. உடனே கூடு சுமார் 4 விழுக்காடு பருக்கிறது, சுவர் மெலிகிறது, சில அச்சுகளில் ஓட்டைகள் தோன்றுகின்றன. உள்ளே ஒளிந்திருந்த விபி4உம், விபி1இன் ஒரு முனையும் வெளியே நீண்டு எண்டோசோமின் சவ்வைத் துளைக்கின்றன. அந்தத் துளை வழியாக ஆர்.என்.ஏ. செல்லின் உட்பகுதிக்குள் வழுக்கிச் செல்கிறது.

எல்லா வகைகளும் ஏற்பியை நம்பியிருப்பதில்லை. எல்.டி.எல். ஏற்பியைப் பற்றும் சிறுபான்மை வகைகளில், ரைனோவைரஸ்-2 போன்றவற்றில், ஏற்பி வெறும் கைப்பிடிதான். கூட்டைத் திறப்பது எண்டோசோமின் அமிலம், பி.எச். 5.6க்குக் கீழே போனால் கூடு தானாகவே விரிந்துவிடும்.

ஆர்.என்.ஏ. முழுவதும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவா வெளியேறுகிறது?

நியாயமான சந்தேகம். ரைனோவைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 7,200 எழுத்துகள் கொண்டது. இழுத்து நீட்டினால் கூட்டின் விட்டத்தைப் போல் பல பத்து மடங்கு நீளும். கூட்டுக்குள் அது ஆங்காங்கே தன்னோடு தானே முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, ஓட்டையோ ஒற்றை இழைக்கு மட்டுமே இடம்கொடுக்கும். ஆகவே முறுக்குகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தபடி, நூற்கண்டிலிருந்து நூலை உருவுவதுபோல், அது வெளியேற வேண்டியிருக்கிறது. ரைனோவைரஸ்-2இல் செய்த சோதனைகள், எந்த முனை வேண்டுமானாலும் முதலில் வருவதில்லை, ‘3 பிரைம்’ எனப்படும் வால்முனையே முதலில் தலைகாட்டுகிறது என்று காட்டின.

ஆனால் இந்தப் படத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ரைனோவைரஸின் உறவினர்களான எண்டிரோவைரஸ்கள் சிலவற்றை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், ஆர்.என்.ஏ. வெளியேறும் நேரத்தில் கூட்டிலிருந்து சில ஐங்கோணப் பகுதிகளே கழன்று பெரிய வாயில் திறப்பதைக் கண்டார்கள். நூல் உருவப்படுகிறதா, மூடி கழல்கிறதா என்பது வைரஸுக்கு வைரஸ் வேறுபடலாம் என்று கருதுவதே இப்போதைக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2017இல், இந்தக் குடும்பத்து வைரஸ்களுக்குச் செல்லின் பி.எல்.ஏ.2ஜி16 என்ற நொதியும் தேவை என்று கண்டறியப்பட்டது. எண்டோசோமில் துளை விழுந்ததைச் செல் கவனித்து, அந்தப் பையையே சிதைத்துவிட ஆள் அனுப்பும். அதற்குமுன் ஆர்.என்.ஏ. தப்பிவிட இந்த நொதி உதவுகிறது. கூட்டின் வடிவமாற்றம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஒரு பந்தயத்தின் தொடக்கமே.

கொரோனா வைரஸின் முட்புரதம் இவற்றில் எதைப் போன்றது?

அடிப்படையில் இன்ஃபுளுவென்சாவைப் போன்றது. கொழுப்புறை, மூன்று பகுதி முள், ஒளித்துவைத்த இணைவுப் பெப்டைடு, கொண்டை ஊசி மடிப்பு எல்லாம் இதிலும் உண்டு. வேறுபடுவது தூண்டுதலில். கோவிட் நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 இரண்டு வெட்டுகளை எதிர்பார்க்கிறது. முதல் வெட்டு, வைரஸ் உருவான செல்லிலிருந்து வெளியேறும் முன்பே ஃபூரினால் நடந்துவிடும். இரண்டாவது, புதிய செல்லின் ஏசிஇ-2 ஏற்பியைப் பற்றிய பிறகு நடக்கும். அந்த இரண்டாம் வெட்டைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 நொதியும் செய்யலாம், எண்டோசோமுக்குள் உள்ள கத்தெப்சின் எல் நொதியும் செய்யலாம். வெட்டு விழுந்ததும் முள்ளின் மேற்பாதி உதிர்ந்து, கீழ்ப்பாதி பாய்கிறது.

இரண்டு வழிகள் இருப்பது வெறும் நுணுக்கச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் 2020இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி எழுந்த நம்பிக்கை பொய்த்ததற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த மருந்து எண்டோசோமின் அமிலத்தன்மையைக் குறைக்கும். ஆய்வகத்தில் பயன்படுத்திய குரங்குச் சிறுநீரகச் செல்களில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 இல்லாததால், வைரஸுக்கு எண்டோசோம் வழி மட்டுமே இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்தது. மனித நுரையீரல் செல்களில் முன்வாசல் திறந்திருந்ததால், பின்வாசலை அடைத்துப் பயன் இல்லாமல் போனது.

உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் நீளமுள்ளது. ஆர்.என்.ஏ. வைரஸ்களில் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று. முப்பது நாற்பது புரத மணிகளில் சுற்றப்பட்டிருக்கும் இந்த ஆர்.என்.ஏ., இணைவுக்குப் பின் நேராகச் சைட்டோபிளாசத்துக்கு, அதாவது உட்கருவைச் சூழ்ந்த செல்லின் உட்பகுதிக்கு, வந்துவிடும். உட்கருவுக்குப் போகத் தேவையில்லை.

அடினோவைரஸ் மட்டும் ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

மற்றவை நொடியில் பாய்பவை. அடினோவைரஸ் தன் ஆடையை ஒவ்வொன்றாகக் களைந்தபடி நடந்துபோகும் பயணி. சுமார் 90 நானோமீட்டர் விட்டமுள்ள அதன் கூட்டில் ஹெக்சான் என்ற 240 புரதக் கட்டைகளும் 12 மூலைகளும் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு நீண்ட நார் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே 36,000 இணை எழுத்துகள் கொண்ட இரட்டை இழை டி.என்.ஏ. இருக்கிறது. அதைச் செல்லின் உட்கருவுக்குள் சேர்த்தாக வேண்டும்.

முதல் நிகழ்ச்சி செல்லின் மேற்பரப்பிலேயே நடக்கிறது. நார்கள் பற்றிக்கொண்ட ஏற்பி செல்பரப்பில் நகர்ந்துகொண்டே இருக்கும். மூலைப் புரதம் பற்றிக்கொண்ட இன்டக்ரின் என்ற மற்றொரு ஏற்பியோ அதிகம் நகராது. இரண்டு பக்க இழுபறியில் நார்கள் பிய்ந்து விழுகின்றன. கூடு அங்கங்கே இளகியதும், உள்ளிருந்து ஆறாம் புரதம் எனப்படும் ஒன்று வெளிவந்து எண்டோசோமின் சவ்வைக் கிழிக்கிறது. பாதி கலைந்த கூடு செல்லின் நுண்குழல்களைத் தண்டவாளமாகக் கொண்டு உட்கருவின் வாயில்வரை இழுத்துச்செல்லப்படுகிறது. அங்கே கூடு வாயிலைப் பற்றிக்கொண்டிருக்க, கினெசின் என்ற மோட்டார் புரதம் எதிர்ப்பக்கம் இழுக்க, கூடு உடைந்து டி.என்.ஏ. வாயில் வழியே நுழைகிறது.

இந்த வரிசை முழுவதும் ஒரு பழைய வெட்டைப் பொறுத்தது. வைரஸ் உருவாகும்போது அதன் சொந்த நொதி உட்புரதங்களைப் பல இடங்களில் வெட்டி, கூட்டைத் திறக்கத் தயாராக வைக்கிறது. இந்த நொதி இல்லாமல் உருவான ஒரு திரிபை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அதன் கூடு இயல்பானதைவிட உறுதியானது. உறுதியாக இருப்பதனாலேயே அது திறக்க முடியாமல் எண்டோசோமில் சிக்கி, செல்லின் செரிமானப் பைகளில் அழிந்துபோகிறது.

தடுப்பூசிக்கும் இந்த வடிவமாற்றத்துக்கும் என்ன தொடர்பு?

மிக நேரடியான தொடர்பு. குழந்தைகளையும் முதியவர்களையும் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸின் வரலாறு இதற்குச் சான்று. 1960களில் அமெரிக்காவில் இதற்கு ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த ஒரு தடுப்பூசி குழந்தைகளுக்குப் போடப்பட்டது. அது காக்கவில்லை என்பதோடு, பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது நோயை இன்னும் கடுமையாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அந்தத் தடுப்பூசித் துகள்களில் இருந்த இணைவுப் புரதம் பெரும்பாலும் ஏற்கெனவே விரிந்துபோன வடிவத்தில் இருந்தது என்பது. உடல் அதைப் பார்த்துத் தயாரித்த எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை, உண்மையான வைரஸின் விரியாத முள்ளைச் சரியாகப் பிடிக்கவில்லை.

2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் ஆகியோரின் குழு விரியாத வடிவத்தின் அமைப்பைக் கண்டறிந்தது. அந்த வடிவத்தின் உச்சியில் மட்டுமே இருந்து, விரிந்ததும் மறைந்துவிடும் ஒரு பகுதிதான் சிறந்த எதிர்ப்பொருள்களின் இலக்கு என்று தெரிந்தது. சில அமினோ அமிலங்களை மாற்றி, புரதம் விரியவே முடியாதபடி ‘தைத்து’ வைத்தார்கள். பல பத்தாண்டுகள் தேங்கிக் கிடந்த முயற்சி அதன்பின் நகர்ந்தது. 2023இல் முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகள் ஒப்புதல் பெற்றன.

அதே உத்திதான் கோவிட் தடுப்பூசிகள் பலவற்றில் உள்ளது. முட்புரதத்தின் 986, 987ஆம் இடங்களில் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்தால், நீண்ட சுருளாக நிமிர வேண்டிய பகுதி நிமிர முடியாது. இரண்டே அமினோ அமில மாற்றம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஆர்.எஸ்.வி.யிலும் மெர்ஸ் கொரோனா வைரஸிலும் கற்ற பல ஆண்டுப் பாடம் இருந்தது. 2020இன் தொடக்கத்தில் எல்லாம் அவ்வளவு விரைவாக நடந்ததைக் கண்டு சந்தேகப்பட்டவர்கள் இந்த முன்கதையைப் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை.

வடிவமாற்றத்தைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றனவா?

முயற்சிகள் பல, வெற்றிகள் குறைவு. எம்2 வாய்க்காலை அடைக்கும் அமான்டடின் 1960களிலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வாய்க்காலின் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து பயனற்றுப்போகும் என்பதால், எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸ்கள் உலகெங்கும் பரவின. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதை ஃப்ளூவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

ரைனோவைரஸின் பொந்தில் ஆப்பை விட இறுக்கமாகப் பொருந்தி, கூட்டைத் திறக்கவிடாமல் செய்த பிளெகோனரில், ஜலதோஷத்தைச் சுமார் ஒரு நாள் குறைத்தது. ஆனால் அது கருத்தடை மாத்திரைகள் உள்ளிட்ட வேறு மருந்துகளின் செயலில் குறுக்கிட்டதாலும், எதிர்ப்புத்திறன் தோன்றியதாலும், 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை ஏற்கவில்லை. ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும் நோய்க்கு எவ்வளவு பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எளிய கேள்வியில்லை. அந்த முடிவைக் குறை சொல்லவும் முடியாது. ரஷ்யாவிலும் சீனாவிலும் பயன்பாட்டில் உள்ள உமிஃபெனோவிர், ஹீமக்ளூட்டினினின் தண்டில் பசைபோல் ஒட்டி விரிவதைத் தடுக்கிறது என்று 2017இல் அதன் படிக அமைப்பு காட்டியது.

சோப்பும் சானிடைசரும் வைரஸைத் திறப்பது இதே முறையிலா?

இல்லை. சோப்பு கொழுப்புறையைக் கரைத்து உடைக்கிறது. இது திறப்பதாகாது, இடிப்பதுதான். வெளியே சிந்திய ஆர்.என்.ஏ. செல்லுக்குள் போக வழியின்றி, எங்கும் நிறைந்துள்ள நொதிகளால் விரைவில் சிதைந்துவிடும். கொழுப்புறை இல்லாத ரைனோவைரஸும் அடினோவைரஸும் சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்கு எளிதில் மசிவதில்லை. ஆகவே அவற்றைப் பொறுத்தவரை, கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதே மேல்.

வைரஸ் கூடு ‘மூச்சு விடுகிறது’ என்று படித்தேன். அப்படியென்றால்?

ஆய்வாளர்கள் சூட்டிய செல்லப்பெயர் அது. ரைனோவைரஸின் விபி4 கூட்டின் உள்ளே இருக்கிறது என்று படிகப்படம் காட்டியது. ஆனால் சாதாரண வெப்பநிலையில், ஏற்பி எதுவும் இல்லாதபோதே, அது அவ்வப்போது வெளியே எட்டிப்பார்த்துத் திரும்புவதை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. புரதத்தை வெட்டும் நொதியைச் சேர்த்தபோது, ஒளிந்திருக்க வேண்டிய விபி4 விரைவிலேயே வெட்டுப்பட்டது. பொந்தில் மருந்தை நிரப்பியபோது அந்த அசைவு அடங்கியது. பாடநூல் படத்தில் கல்போல் காணும் கூடு, உண்மையில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருள்.

ஒரு வைரஸ் காற்றில் பரவும் திறனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, குறைந்தபட்சம் இன்ஃபுளுவென்சாவில். பறவைகளின் ஃப்ளூ வைரஸ்களில் ஹீமக்ளூட்டினின் பெரும்பாலும் பி.எச். 5.6 முதல் 6 வரையிலேயே விரிந்துவிடும். மனிதரிடம் நிலைபெற்றவற்றில் அது 5 முதல் 5.5 வரை இறங்கினால்தான் விரியும். மனித மூக்கின் பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால், அவசரக்கார முள் செல்லை அடையும் முன்பே விரிந்து வீணாகும் அபாயம் உண்டு. 2012இல் இரண்டு குழுக்கள், பறவைக் காய்ச்சலின் எச்5 வகை ஹீமக்ளூட்டினின் கொண்ட வைரஸ்களை ஃபெரெட் என்ற கீரியொத்த விலங்குகளிடையே காற்றில் பரவச் செய்தபோது, இரண்டிலும் ஏற்பியைப் பற்றும் இடத்தின் மாற்றங்களோடு, முள்ளை உறுதியாக்கும் ஒரு மாற்றமும் இருந்தது. அந்த ஆய்வுகளைச் செய்திருக்க வேண்டுமா என்ற சர்ச்சை பெரியது. ஆனாலும், பறவைக் காய்ச்சல் வைரஸ்களைக் கண்காணிப்பவர்கள் இன்று ஏற்பியை மட்டும் பார்ப்பதில்லை. முள் எந்த பி.எச்.இல் விரிகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறார்கள்.